தோல் பராமரிப்பில் நானோ பால்மங்கள்: துளியின் அளவும் பால்மத்தின் நிலைப்பும் – நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணெயும் நீரும் மிகச் சிறு துளிகளாகக் கலந்து நிற்கும் நானோ பால்மங்கள் இன்று ஒப்பனைப் பொருள்களிலும் தோல் பராமரிப்புப் பொருள்களிலும் பயன்படுகின்றன. இவற்றின் சிறப்பு பெரும்பாலும் துளியின் சிறுமையைக் கொண்டே பேசப்படுகிறது. துளியின் அளவு மட்டும் ஒரு பால்மத்தின் தகுதியைத் தீர்மானிப்பதில்லை. அவ்வளவை எட்டச் சேர்க்கப்பட்ட பால்மக்காரணியின் அளவு, எண்ணெயின் இயல்பு, வெப்பத்தில் துளிகள் நிலைக்கும் காலம் ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. செஞ்சி வட்டாரத்தில் வழங்கும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியனவும் வேலூரில் நிகழ்ந்த ஆய்வுகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இத்துறைக் கலைச்சொற்களில் காணும் மயக்கமும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நானோ பால்மம், நுண்பால்மம், பால்மக்காரணி, தோல் தடுப்பு, நல்லெண்ணெய், கடலை எண்ணெய்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி வட்டாரத்தில் உள்ள மண்டகப்பட்டு, முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரையால் அறியப்பட்ட ஊர். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவும் இல்லாமல் இக்கோயில் அமைக்கப்பட்டது என அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. மனிதத் தோலின் மேலடுக்கை விளக்கும் தோலியலாரோ இதற்கு நேர்மாறாக, அதனைச் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய சுவர் என்றே உருவகிப்பர். இறந்த, தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே நிறைந்துள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சுண்ணம். உடலின் நீரை உள்ளே காப்பதும் வெளிப்பொருள்களைத் தடுப்பதும் இச்சுவரே.

மண்டகப்பட்டைச் சுற்றியுள்ள வட்டாரம் வேர்க்கடலையும் எள்ளும் விளையும் பகுதி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அண்மையிலுள்ள திண்டிவனத்தில் இயங்குகிறது. அங்கிருந்து வெளிவந்த வேர்க்கடலை, எள் இரகங்கள் டி.எம்.வி. என்ற பெயரைத் தாங்குகின்றன. இவ்வித்துகளின் எண்ணெய் சமையலுக்கு மட்டுமன்றி எண்ணெய்க் குளியலுக்கும், வெயிலில் வறண்ட கை கால்களுக்கும், பித்தவெடிப்புக்கும் காலங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. எனவே இவ்வெண்ணெய்களை நானோ பால்மமாக்கிப் பிசுபிசுப்பற்ற தோல் பராமரிப்புப் பொருளாக விற்கலாம் என்ற எண்ணம் ஆய்வுக்கூடங்களிலும் சிறுதொழில் முனைவோரிடமும் எழுவது இயல்பே. அவ்வாறு உருவாகும் பொருளைத் தோலில் பூசிக்கொள்பவர் வயலில் நாள்தோறும் வெயிலில் நிற்பவராகவோ கைக்குழந்தையாகவோ இருக்கக்கூடும். ஆதலால் ‘நானோ’ என்ற சொல் எதனை உறுதி செய்கிறது, எதனை உறுதி செய்யவில்லை என்று பிரித்தறிவது தேவையாகிறது.

பால்மமும் அதன் அளவும்

ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களுள் ஒன்று மற்றொன்றில் துளிகளாகச் சிதறி நிற்பது பால்மம். பசும்பால் நீரில் கொழுப்பு சிதறிய பால்மம். வெண்ணெய் கொழுப்பில் நீர் சிதறிய பால்மம். துளிகள் மீண்டும் ஒன்றுசேராதவாறு அவற்றின் பரப்பில் படிந்து காப்பது பால்மக்காரணி. இதன் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும்.

சித்த மருத்துவத்தில் வழங்கும் குங்கிலிய வெண்ணெய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நல்லெண்ணெயில் குங்கிலியத்தை உருக்கி, நீர் சேர்த்துக் கடைந்து, பலமுறை கழுவ, அக்கலவை வெண்ணெய்போல் வெளுத்து மென்மையாகிறது. நீர் நுண்துளிகளாக எண்ணெயில் சிக்கிக்கொள்வதே இம்மாற்றத்திற்குக் காரணம். ஆயினும் இதனை நானோ பால்மம் எனக் கொள்ள இயலாது. அதன் வெண்மையே, துளிகள் ஒளியை வலுவாகச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரியவை என்பதற்குச் சான்றாகும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. துளிகள் இதனினும் மிகச் சிறியனவாக இருந்தால்தான் பால்மம் தெளிவாகவோ இளநீலச் சாயலுடனோ தோன்றும். முன்னோர் பால்மமாக்கும் நுட்பத்தை அறிந்திருந்தனர் என்பதற்குக் குங்கிலிய வெண்ணெய் சான்று. நானோ நுட்பத்திற்குச் சான்று அன்று.

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். பொதுவாக 20 முதல் 200 நானோமீட்டர் வரை விட்டமுடைய துளிகளைக் கொண்டவற்றை நானோ பால்மம் என்பர். மேல்எல்லையை 500 எனக் கொள்வாரும் உளர். துளி சிறுப்பதன் விளைவை ஓர் எளிய கணக்கு காட்டும். ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாகப் பிரிந்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 0.6 சதுர மீட்டர். அதே எண்ணெய் 100 நானோமீட்டர் துளிகளானால் பரப்பு 60 சதுர மீட்டராகிறது. துளி மேலெழும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதலால் விளையும் பிரௌனியன் இயக்கமே துளிகளைப் பரவலாக நிறுத்திவிடுகிறது. சாதாரணப் பாலில் ஆடை மிதப்பதுபோல் நானோ பால்மத்தில் எண்ணெய் எளிதில் மேலே திரளாமைக்கு இதுவே காரணம்.

இதனால் கிடைக்கும் பயன்கள் உண்மையானவை. பொருள் நீர்போல் இலேசாக இருக்கும். தோலில் சீராகப் பரவும். எண்ணெயில் கரையும் வைட்டமின்களையும் நறுமணப் பொருள்களையும் நீர் மிகுந்த கலவையில் ஏற்றலாம். பிரான்சின் லோரியல் நிறுவனம் 1990களிலேயே இத்துறையில் காப்புரிமைகள் பெற்றது. அந்நிறுவன ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட கட்டுரை நானோ பால்மத்தைத் தோல் பராமரிப்பின் புதிய ஊர்தி என அறிமுகப்படுத்தியது.

பெயரில் உள்ள மயக்கம்

நானோ பால்மத்துடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது நுண்பால்மம். நுண் என்பது மைக்ரோவையும், மீநுண் அல்லது நானோ என்பது அதனினும் சிறியதையும் குறிப்பதாகத் தமிழில் கொள்கிறோம். எனவே நுண்பால்மத்தின் துளிகள் பெரியவை, நானோ பால்மத்தின் துளிகள் சிறியவை என்று படிப்பவர் எண்ணுவர். நடைமுறை இதற்கு மாறானது. நுண்பால்மத் துளிகள் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் குறைந்தவை. பல வேளைகளில் நானோ பால்மத் துளிகளினும் சிறியவை. ஷுல்மனும் உடனாய்வாளரும் 1959இல் நுண்பால்மம் என்ற பெயரை வழங்கியபோது நானோ என்ற முன்னொட்டு இத்துறையில் வழக்கில் இல்லை. பெயர்கள் வரலாற்றால் அமைந்தவையே அன்றி அளவால் அமைந்தவை அல்ல.

இரண்டுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு நிலைப்பில் உள்ளது. நுண்பால்மம், உரிய விகிதத்தில் பொருள்களைச் சேர்த்தால் தானே அமைவது. வெப்ப இயக்கவியல்படி நிலையானது. நானோ பால்மம், பெரும்பாலும் வெளியாற்றலைச் செலுத்தி உருவாக்கப்படுவது. என்றேனும் எண்ணெயாகவும் நீராகவும் பிரிந்தே தீரும். அப்பிரிவு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தள்ளிப்போடப்படுகிறது, அவ்வளவே. எனவே முன்னதைத் ‘தானமை பால்மம்’ எனக் குறித்தால் மயக்கம் நீங்கும் எனக் கட்டுரையாளர் கருதுகிறார். புதிய சொல்லை ஏற்கத் தயங்குவோர், நுண்பால்மம் என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்திலேனும் இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துதல் நன்று.

துளி சிறுக்கக் கொடுக்கும் விலை

நானோ பால்மங்களை உருவாக்க இருவகை வழிகள் உள்ளன. உயர் அழுத்தச் சீராக்கி, 20 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மீயொலி ஆகியன உயர் ஆற்றல் முறைகள். வெப்பநிலையையோ கலவை விகிதத்தையோ மாற்றி, எண்ணெயில் நீர் என்ற அமைப்பை நீரில் எண்ணெயாகப் புரட்டுவன குறை ஆற்றல் முறைகள். இரண்டிலும் பால்மக்காரணி இன்றியமையாதது.

எவ்வளவு பால்மக்காரணி தேவை என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒப்பனைப் பொருள்களில் பரவலாகப் பயன்படும் பாலிசார்பேட் 80 என்பதன் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 1310. ஒரு மூலக்கூறு துளிப் பரப்பில் ஒரு சதுர நானோமீட்டரை மூடும் எனத் தோராயமாகக் கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை 100 நானோமீட்டர் துளிகளாக மூட ஏறத்தாழ 0.13 கிராம் போதும். 30 நானோமீட்டருக்கு 0.4 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். 10 நானோமீட்டருக்கோ 1.3 கிராம், அதாவது எண்ணெயின் நிறையைவிட மிகுதியாகத் தேவைப்படும்.

இக்கணக்கைக் கொண்டு தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஆய்வுகளைப் படிப்பது பயனுடையது. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடராஜன் சந்திரசேகரன், அமிதவ முகர்ஜி ஆகியோரின் குழு மீயொலி முறையில் பல தாவர எண்ணெய்களை நானோ பால்மமாக்கியது. 2012இல் வெளிவந்த வேப்பெண்ணெய் ஆய்வு கியூலெக்ஸ் கொசுப் புழுக்களை அழிப்பது பற்றியது. 2013இல் வெளிவந்த துளசியின எண்ணெய் ஆய்வு நுண்ணுயிரிகளை அழிப்பது பற்றியது. இரண்டிலும் துளி விட்டம் ஏறத்தாழ 30 நானோமீட்டர். எண்ணெய்க்கும் பால்மக்காரணிக்கும் உள்ள விகிதம் 1:3. தோலுக்கு மிக நெருங்கியது 2014இல் வெளிவந்த யூகலிப்டஸ் எண்ணெய் ஆய்வு. 10 நானோமீட்டருக்கும் குறைந்த துளிகளைக் கொண்ட அப்பால்மம், விஸ்டர் எலிகளின் தோல் புண்ணை, நியோமைசின் இட்ட எலிகளில் கண்டதைவிட விரைவாகச் சுருங்கச் செய்ததாக அறிவிக்கப்பட்டது.

இவை முன்னோடி ஆய்வுகள். எனினும் இவற்றின் முடிவுகளை ஒப்பனைப் பொருளுக்கு நேரே எடுத்துச்செல்லும்போது எச்சரிக்கை தேவை. 1:3 விகிதத்தில் சேர்த்த பால்மக்காரணி, மேற்கண்ட கணக்கின்படி 30 நானோமீட்டர் துளிகளை மூடத் தேவையானதைப்போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்டது. மிகுதியானது நீரில் மிசெல்களாகத் திரண்டு, எண்ணெயில் ஒரு பகுதியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அளவிடப்படும் சிறுமை துளியின் சிறுமையா, எண்ணெய் ஏறிய மிசெலின் சிறுமையா என்ற வினா இங்கு எழுகிறது. கொசுப் புழுவுக்கு இவ்வினா முக்கியமன்று, தோலுக்கு முக்கியமானது. சுவரின் சுண்ணத்தைக் கரைத்து வெளியேற்றக்கூடியது பால்மக்காரணியே. நாள்தோறும் பூசிக் கழுவாமல் விடும் பொருளில் அதன் அளவு மிகும்போது வறட்சியும் எரிச்சலும் நேர வாய்ப்புண்டு.

தோலினுள் செல்வது எது?

‘நானோ துளிகள் தோலை ஊடுருவிச் செல்கின்றன’ என்ற கூற்று விளம்பரங்களிலும் சில கட்டுரைகளிலும் காணப்படுகிறது. தோலின் மேலடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது. ஆயினும் அதன் கொழுப்புப் படலங்கள் ஏறத்தாழ 6 நானோமீட்டர், 13 நானோமீட்டர் என்ற இடைவெளிகளில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டவை. 100 நானோமீட்டர் துளி உருக்குலையாமல் இவற்றினூடே செல்லும் எனக் கொள்வது பொருந்தாது. உண்மையில் நிகழ்வது வேறு. பூசியவுடன் நீர் ஆவியாகிறது. துளிகள் உடைந்து மெல்லிய படலமாகின்றன. மிகப் பரந்த தொடுபரப்பு உருவாகிறது. எண்ணெயும் பால்மக்காரணியும் கொழுப்புப் படலங்களைத் தளர்த்த, துளியில் கரைந்திருந்த சிறு மூலக்கூறுகள் விரவிச் செல்கின்றன. மயிர்ப்புழைகளிலும் சிறிது தங்குகிறது. 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நலமான தோலை எளிதில் கடப்பதில்லை என்ற பொதுவிதி, போஸ், மைனார்டி ஆகியோரால் 2000இல் முன்வைக்கப்பட்டது. மூலக்கூறு பெரிதாயின், துளியைச் சிறிதாக்கியதால் மட்டும் அது எளிதில் உட்செல்லும் என எதிர்பார்க்க இயலாது.

ஊடுருவல் மிகுவது எப்போதும் நன்மையும் அன்று. கடலை எண்ணெய் இதற்குத் தக்க சான்று. சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் அதன் எச்சம் இருக்கக்கூடும். கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைக் குழந்தைகளின் அழற்சியுற்ற தோலில் பயன்படுத்தியமைக்கும் பின்னர் அவர்களிடம் தோன்றிய வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பிருப்பதை இங்கிலாந்தில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஒப்பனைப் பொருள்களில் சேரும் வேர்க்கடலைப் புரதத்திற்குப் பத்து இலட்சத்தில் 0.5 பங்கு என உச்சவரம்பு விதித்தது. புண்பட்ட தோலுக்கெனச் செக்குக் கடலை எண்ணெயை நானோ பால்மமாக்குபவர், அதன் புரத அளவைச் சோதிக்காமல் மேற்செல்லுதல் கூடாது.

உள்ளூர் எண்ணெய்களின் உண்மையான இடம்

நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் இத்துறையில் பலரும் கருதாத ஒரு பயன் உண்டு. சிறு துளியின் உள்ளழுத்தம் மிகுதி. 100 நானோமீட்டர் துளியில், இடைப்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 10 மில்லிநியூட்டனாக இருந்தால், அது ஏறத்தாழ 4 வளிமண்டல அழுத்தம். இவ்வழுத்தத்தால் சிறு துளியின் எண்ணெய் நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து பெரிய துளிகளில் சேர்கிறது. சிறியவை மறைய, பெரியவை வளர்கின்றன. இதற்கு ஆஸ்வால்டு முதிர்வு என்று பெயர். நீரில் ஓரளவு கரையும் யூகலிப்டஸ், துளசி போன்ற நறுமண எண்ணெய்கள் இவ்வகையில் விரைவில் கெடும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்ற டிரைகிளிசரைடுகளோ நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. நறுமண எண்ணெயுடன் இவற்றை உரிய பங்கு சேர்த்தால் முதிர்வு பெரிதும் தடைப்படும். பாகுத்தன்மை மிகுதியால் இவற்றை மிகச் சிறு துளிகளாக உடைப்பது கடினம் என்பது எதிர்ப்பக்கம். ஆயினும் மீயொலியில் 30 நானோமீட்டரை எட்டி விரைவில் வளரும் துளியைவிட, 150 நானோமீட்டரில் ஆண்டு முழுதும் நிற்கும் துளி பயன்படுத்துவோர்க்கு மேலானது.

எண்ணெய்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஒலியிக் அமிலம் கொழுப்புப் படலங்களைக் குலைக்கும். லினோலியிக் அமிலம் தோல் தடுப்பின் கட்டுமானத்திற்கு உதவும். இங்கிலாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஒலியிக் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோல் தடுப்பைப் பாதித்தது; சூரியகாந்தி எண்ணெய் பாதிக்கவில்லை. நல்லெண்ணெயில் இவ்விரு அமிலங்களும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. கடலை எண்ணெயில் ஒலியிக் மிகுதி. நல்லெண்ணெயிலுள்ள செசமால் போன்றவை எண்ணெய் சிக்கடிப்பதையும் தாமதப்படுத்துகின்றன. ஆதலால் வறண்ட தோலுக்கான பால்மத்திற்கு இவ்விரண்டுள் நல்லெண்ணெயே முதலில் ஆராயத்தக்கது.

வெப்பமும் கருதத்தக்கது. பாலிசார்பேட் வகைப் பால்மக்காரணிகள் வெப்பம் ஏற ஏற நீர்ப்பற்றை இழப்பவை. துளிகள் ஒன்றுசேர்வது அதனால் விரைவுபடும். 25 பாகை செல்சியசில் நிலைத்த பால்மம், சித்திரை வெயிலில் 40 பாகையைத் தொடும் செஞ்சிக் கடைத்தெருவில் நிலைக்கும் எனக் கொள்ள இயலாது.

சட்டமும் சோதனையும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதி, 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள, கரையாத அல்லது உயிரியச் சூழலில் நீடித்து நிற்கும் பொருள்களையே நானோ பொருள் என வரையறுத்து, அவற்றைச் சிட்டையில் குறிக்கக் கட்டளையிடுகிறது. தோலில் உடைந்து கரையும் எண்ணெய்த் துளிகள் பொதுவாக இவ்வரையறையில் அடங்குவதில்லை. எனவே சட்டம் கருதும் நானோவும் விளம்பரம் கூறும் நானோவும் ஒன்றல்ல. இந்தியாவில் ஒப்பனைப் பொருள்கள் 1940ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின்கீழும் 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளின்கீழும் அடங்குகின்றன. விலங்குகளில் ஒப்பனைப் பொருள்களைச் சோதிப்பது 2014இல் தடை செய்யப்பட்டது. எனவே எலியில் கண்ட புண் ஆற்றல் மருந்தாய்வுக்கு உரியது. ஒப்பனைப் பொருளுக்கு பிரான்சு விரவற்கலம், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் மாதிரி, தன்னார்வலரிடம் செய்யும் ஒட்டுச்சோதனை ஆகிய வழிகளே உள்ளன.

இவற்றின் அடிப்படையில், ஒரு நானோ பால்ம ஆய்வை மதிப்பிடுவோர் ஐந்து வினாக்களை எழுப்புதல் தகும். எண்ணெய்க்கும் பால்மக்காரணிக்கும் உள்ள விகிதம் யாது? துளிகளின் சராசரி அளவுடன் அவற்றின் பரவலும் தரப்பட்டுள்ளதா? 40 பாகை வெப்பத்தில் மூன்று மாதங்களேனும் துளி வளர்ச்சி கணிக்கப்பட்டதா? அதே எண்ணெயின் சாதாரணப் பால்மத்துடனும், எண்ணெயற்ற பால்மக்காரணிக் கரைசலுடனும் ஒப்பிடப்பட்டதா? தோல் வழியே நீர் இழப்பு அளக்கப்பட்டதா? இவற்றுள் நான்காவது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. அவ்வொப்பீடு இல்லையேல், கண்ட விளைவு நானோ அளவால் வந்ததா, பால்மக்காரணியால் வந்ததா என்று கூறவே இயலாது.

முடிவுரை

நானோ பால்மம் பயனுள்ள ஊர்தி. அதன் பயன்கள் இலேசான தன்மை, சீரான பரவல், பரந்த தொடுபரப்பு ஆகியவற்றில் உள்ளன. துளியின் சிறுமை தனியே ஒரு தகுதி அன்று. மிகுந்த பால்மக்காரணியைக் கொண்டு பெற்ற சிறுமை தோல் தடுப்புக்கு ஊறாகவும் முடியலாம். செஞ்சி வட்டாரத்து எண்ணெய்களில் நல்லெண்ணெய், முதிர்வைத் தடுக்கும் இயல்பாலும் கொழுப்பு அமில அமைப்பாலும் முதன்மையான ஆய்வுக்குரியது. கடலை எண்ணெய் புரதச் சோதனைக்குப் பின்னரே கருதத்தக்கது. குறைந்த பால்மக்காரணியில், 100 முதல் 200 நானோமீட்டர் அளவில், கோடை வெப்பத்தைத் தாங்கும் நல்லெண்ணெய்ப் பால்மத்தை உருவாக்கி, அதனை வெறும் நல்லெண்ணெயுடன் ஒப்பிட்டு ஆராய்வது அடுத்து நிகழ வேண்டிய பணியாகும். அவ்வொப்பீட்டில் வெறும் நல்லெண்ணெயே சிறந்ததெனத் தெரியவந்தாலும் அதுவும் வெளியிடத்தக்க ஆய்வு முடிவே.